டச்சில் போவதும் வருவதும்: திசைச் சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

[திரையில்: இரண்டு டச்சு வாக்கியங்கள், ஒன்றின் கீழ் ஒன்று]

வணக்கம். இந்த இரண்டு வாக்கியங்களையும் பாருங்கள்.

இக் லோப் இன் ஹெட் போஸ்.
இக் லோப் ஹெட் போஸ் இன்.

போஸ் என்றால் காடு. இக் லோப் என்றால் நடக்கிறேன். இரண்டு வரியிலும் அதே ஐந்து சொற்கள்தான், "இன்" மட்டும் இடம் மாறியிருக்கிறது. ஆனால் பொருள் வேறாகிவிட்டது. முதல் வரியில் நான் ஏற்கெனவே காட்டில் இருக்கிறேன், அங்கேயே நடக்கிறேன். இரண்டாவது வரியில் வெளியே இருந்து காட்டுக்குள் நடந்து போகிறேன்.

டச்சு படிக்கிறவர்கள் பெரும்பாலும் இன் (உள்ளே), ஒப் (மேலே), அவ்ட் (வெளியே), ஓவர் (தாண்டி), டோர் (ஊடாக) என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள். பட்டியல் வேண்டியதுதான். ஆனால் சொல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பட்டியல் சொல்லாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் இடம். பின்னால் போய் நின்றால் நகர்வு.

தமிழ் பேசுகிற நமக்கு இது சுலபமாக வர வேண்டும். காட்டுக்குள், படி மேலே, பாலத்தைத் தாண்டி என்று நாம் எப்போதும் பின்னால்தானே வைக்கிறோம்? ஆங்கிலம் வழியாக டச்சுக்குப் போவதால்தான் எல்லாவற்றையும் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழ்க் காதோடு கேளுங்கள்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டச்சு ஒலிகளைத் தமிழில் ஏறக்குறையத்தான் எழுத முடியும். "அவ்ட்" என்று நான் சொல்வதன் உயிரொலி தமிழில் இல்லை. போகிறேன் என்பதற்கு "ஹா" என்று சொல்லப்போகிறேன், அதன் முதல் ஒலி தொண்டையிலிருந்து கரகரப்பாக வரும். சரியான எழுத்துக்கூட்டல் திரையில் இருக்கிறது.

[திரையில்: உட்ரெக்ட் நகர வரைபடம், ரயில் நிலையத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு]

சரி, உட்ரெக்ட் நகரத்தில் நடக்கலாம். ரயில் நிலையத்திலிருந்து டொம்டோரெனுக்குப் போகிறோம். நெதர்லாந்திலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அது, 112 மீட்டர்.

போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்ல "நார்". இக் ஹா நார் டெ டொம்டோரென். நம்முடைய "க்கு" செய்கிற வேலை. ஊர், நாடு, கடை, மருத்துவர், பாட்டி, யாரிடம் போனாலும் எங்கே போனாலும் நார்தான். இது பின்னால் போகாது, பெயர்ச்சொல்லுக்கு எப்போதும் முன்னால்தான். நார் இலக்கைச் சொல்லுமே தவிர, உள்ளே நுழைந்தீர்களா என்று சொல்லாது.

நிலையத்தை விட்டு வெளியே வருகிறோம்: ஹெட் ஸ்டாஷொன் அவ்ட். ஹோஹ் காதரெய்ன வணிக வளாகத்தின் வழியாகப் போகிறோம்: டோர் ஹோஹ் காதரெய்ன. மாரியாபிளாட்ஸ் பக்கம் வந்ததும் ஸாடெல்ஸ்ட்ராட் தெருவுக்குள் நுழைகிறோம்: டெ ஸாடெல்ஸ்ட்ராட் இன். தெரு முடிகிற இடத்தில் கால்வாய், அதன் மேல் மார்டென்ஸ்ப்ருஹ் பாலம். அதைக் கடக்கிறோம்: டெ மார்டென்ஸ்ப்ருஹ் ஓவர்.

[திரையில்: கோபுரத்தின் அடியில் உள்ள வளைவு, அதன் வழியாகப் போகும் சைக்கிள்கள்]

இப்போது கோபுரம் நேர் எதிரே. அதன் அடிப்பகுதியில் ஒரு பெரிய வளைவு உண்டு. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அதற்குள் புகுந்து மறுபக்கம் போகிறார்கள். இதற்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்: ஒண்டர் டெ டொம்டோரென் டோர். ஒண்டர் என்றால் கீழே, டோர் என்றால் ஊடாக. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. "ஒண்டர் டெ டொம்டோரென்" என்று மட்டும் சொன்னால் கோபுரத்தின் அடியில் இருக்கிறீர்கள், மழைக்கு ஒதுங்கியும் நிற்கலாம். கடைசியில் அந்த டோர் வந்தால்தான் மறுபக்கம் போய்ச் சேர்கிறீர்கள். எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த அமைப்பு இது. வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினால் நீங்களும் வளைவுக்குள் பாதியிலேயே நிற்பீர்கள்.

மறுபக்கம் டொம்ப்லெய்ன் சதுக்கம். ஹெட் டொம்ப்லெய்ன் ஒப். முன்பு தேவாலயத்தின் நடுக்கூடம் இருந்த இடம் இது. 1674இல் அடித்த புயலில் கூடம் இடிந்து விழுந்தது. அதனால்தான் கோபுரம் ஒரு பக்கமும் மிச்சமுள்ள தேவாலயம் இன்னொரு பக்கமும், நடுவில் வெட்டவெளியுமாக இருக்கிறது. கோபுரத்தில் ஏற 465 படிகள். படியேறினால் டெ ட்ராப் ஒப், இறங்கினால் டெ ட்ராப் அஃப்.

தெரு முனைக்கும் இதே கதைதான். ஒரு கடை ஒம் டெ ஹூக் என்றால், அது முனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. டெ ஹூக் ஒம் என்றால் நீங்கள் முனையில் திரும்புகிறீர்கள்.

[திரையில்: இரண்டு வரிகள். ஒன்றில் "ஹெப்", ஒன்றில் "பென்" தடித்த எழுத்தில்]

அப்புறம் இறந்தகாலம். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். நடப்பது, சைக்கிள் ஓட்டுவது போன்ற வினைகளுக்கு டச்சில் இரண்டு துணைவினைகள் வரும். காட்டில் நடந்தேன்: இக் ஹெப் இன் ஹெட் போஸ் ஹெலோபன். காட்டுக்குள் போனேன்: இக் பென் ஹெட் போஸ் இன் ஹெலோபன். இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டினேன் என்றால் ஹெப். லெய்டன் நகரத்துக்கு ஓட்டிப் போனேன் என்றால் பென். செயலை மட்டும் சொன்னால் ஹெப், ஓர் இலக்கை நோக்கிப் போனதைச் சொன்னால் பென்.

சில வினைகளில் சொல் முன்னாலேயே நின்றும் நகர்வைக் குறிக்கும். குதிப்பது அப்படி ஒன்று. ஸ்லோட் என்றால் வாய்க்கால். ஹெய் ஸ்ப்ரிங்ட் இன் டெ ஸ்லோட் என்றால் வாய்க்காலுக்குள் குதிக்கிறான் என்றும் கொள்ளலாம், வாய்க்காலில் நின்றபடி குதிக்கிறான் என்றும் கொள்ளலாம். இறந்தகாலத்தில் குழப்பம் தீர்ந்துவிடும்: பென் வகை வந்தால் வெளியிலிருந்து உள்ளே குதித்தான், ஹெப் வகை வந்தால் உள்ளேயே குதித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக, "இருந்து". தமிழில் மதுரையிலிருந்து, வேலையிலிருந்து, பெட்டியிலிருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே உருபு. டச்சில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சொந்த ஊர் என்றாலும், ஒன்றின் உள்ளிருந்து வெளியே வந்தாலும் அவ்ட். வெறுமனே புறப்பட்ட இடம் என்றால் ஃபன். இக் கொம் அவ்ட் மதுரை. ஆனால் இக் கொம் ஃபன் மெய்ன் வெர்க், வேலையிலிருந்து வருகிறேன்.

கேள்வியில் நாரும் ஃபனும் உருமாறி வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். எங்கே போகிறாய்: வார் ஹா யெ நார்டூ? எங்கிருந்து வருகிறாய்: வார் கொம் யெ ஃபன்டான்? இரண்டாவது கேள்வி சொந்த ஊரையும் கேட்கும், இப்போது எங்கிருந்து வருகிறீர்கள் என்றும் கேட்கும். கேட்டவர் புதிதாக அறிமுகமானவர் என்றால் பெரும்பாலும் ஊரைத்தான் கேட்கிறார், அவ்ட் போட்டுப் பதில் சொல்லுங்கள். கையில் காய்கறிப் பையோடு நீங்கள் வருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், ஃபன் டெ மார்க்ட்.