சொல்லித் தருவதும் காட்டித் தருவதும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சியிலிருந்தும் பிற ஊடகங்களிலிருந்தும் மக்கள் அறநெறிகளைக் கற்றுக்கொள்ள முடியுமா என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் கேள்வி. முடியும் என்று சொல்லி நல்ல நிகழ்ச்சிகளின் பட்டியலை வாசிப்பதும் எளிது. முடியாது என்று சொல்லிக் காலம் கெட்டுவிட்டதென வருந்துவதும் எளிது. இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கும் என்பதை மேடை ஏறிப் பழகியவர்கள் அறிவார்கள். எனக்கோ 'கற்றுக்கொள்ள' என்ற சொல்லிலேயே கால் இடறுகிறது. அறம் இன்னதென்று தெரிந்துகொள்வது ஒரு நிலை. ஒழுக்கம் என்பது வேறொரு நிலை. ஒழுகு என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது. இடையறாமல் ஒழுகும் நீரைப்போல, யாரும் தூண்டாமலேயே ஒருவரது நடத்தை தொடர்ந்து செல்வதற்குத்தான் அந்தப் பெயர். திரையில் ஒரு காட்சியைப் பார்ப்பதால் முதல் நிலை வாய்க்கலாம். இரண்டாவது எப்படி வாய்க்கும் என்பதே நாம் யோசிக்க வேண்டியது.

இந்த வேறுபாட்டை ஆய்வுக்கூடத்தில் காட்டியவர் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. 1961இல், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதையும் உதைப்பதையும் பார்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகள் தாமும் அவ்வாறே செய்ததை அவரது குழு பதிவு செய்தது. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. இம்முறை காட்சி படமாகக் காட்டப்பட்டது. அடித்தவருக்குப் பரிசு கிடைப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். தண்டனை கிடைப்பதைச் சிலர் பார்த்தார்கள். எதுவுமே நடக்காததைச் சிலர் பார்த்தார்கள். தண்டனையைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே பின்பற்றினார்கள்; தீமைக்குத் தண்டனை காட்டினால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் ஆய்வு அத்துடன் முடியவில்லை. படத்தில் கண்டதைச் செய்துகாட்டினால் பரிசு தருவதாகச் சொன்னதும் மூன்று குழுக்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. எல்லாக் குழந்தைகளுமே பார்த்ததைக் கற்றிருந்தார்கள்; வெளிக்காட்டுவதற்கான சூழலுக்காகவே அது உள்ளே காத்திருந்தது. கதையின் கடைசிக் காட்சியில் கெட்டவனைச் சிறையில் அடைத்துவிட்டால் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தின் கணக்குத் தீர்ந்துவிடும் என்று எண்ணும் படைப்பாளிகள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கெடுதல் இவ்வாறு எளிதில் பதிகிறதென்றால், நல்லதைச் சொல்லவென்றே எடுக்கப்படும் நிகழ்ச்சிகளின் நிலை என்ன? மேரி லூயிஸ் மேரஸ் என்ற ஆய்வாளரும் அவரது சகஆய்வாளரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூன்று கால்களே உள்ள ஒரு நாயைக் கண்டு மற்ற நாய்கள் முதலில் அஞ்சி ஒதுங்குவதும், பிறகு அதனுடன் நட்பாவதும் சிறுவர் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றின் ஒரு பகுதி. வேறுபட்டவர்களை ஒதுக்காதே என்பது எடுத்தவர்கள் சொல்ல வந்த பாடம். பார்த்த சிறு குழந்தைகளில் பலரோ, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டார்கள். நாம் சிரிக்கலாம், ஆனால் அந்தக் குழந்தைகள் கதையைத் தவறாகக் கேட்கவில்லை, கண்ணால் கண்டதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாயிலிருந்து மனிதருக்கும், ஒரு கதையிலிருந்து மறுநாள் வகுப்பறைக்கும் பாடத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும் வேலையைக் கதை அவர்களிடமே விட்டுவிட்டது.

இன்னொரு சிக்கல் நேரக்கணக்கில் இருக்கிறது. இப்படிப்பட்ட கதைகளில் பெரும்பகுதி சண்டை, ஏளனம், ஒதுக்கல் ஆகியவற்றிலேயே கழிகிறது; மன்னிப்பும் சமாதானமும் கடைசிச் சில நிமிடங்களில் வந்து போகின்றன. கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்த மழலையரிடம், தோழரை விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கிவைக்கும் வகையான வன்மம் கூடுதலாகக் காணப்பட்டதாக 2006இல் ஓர் ஆய்வு கூறியபோது, ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் இதுவும் ஒன்று.

அப்படியானால், ஊடகம் சொல்லித் தர முனைவதைவிட, இயல்பானது என்று காட்டிவிட்டுக் கடந்து போவதையே நாம் அதிகம் கற்கிறோமோ என்று ஐயுறுகிறேன். 'ஹம் லோக்' தொடரின் வரலாறும் இதையே எண்ண வைக்கிறது. 1984, 1985 ஆண்டுகளில் தூர்தர்ஷனில் 156 பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடர், சமூகக் கருத்துகளைப் பரப்பும் நோக்கத்துடனேயே தொடங்கப்பட்டது. தொடக்கப் பகுதிகளில் குடும்பநலப் போதனை தூக்கலாக இருந்ததைப் பார்வையாளர்கள் விரும்பாததால் அதைக் குறைக்க நேர்ந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி அன்றைய கதையின் கருத்தை எடுத்துரைத்தார். இத்தனைக்குப் பிறகும், கணவனிடம் வசை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் தாய் பாத்திரத்தையே பின்பற்றத்தக்கவராகப் பலர் குறிப்பிட்டதாகப் பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. அவரது நிலை மாற வேண்டும் என்பதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம் அது! பார்ப்பவர் வெறுங்கையோடு வந்து உட்காருவதில்லை. தம் விழுமியங்களைக் கையில் எடுத்துக்கொண்டே வருகிறார்.

போதிக்கும் எண்ணமே இல்லாத நிகழ்ச்சிகள் சில வேளை ஆழமாகப் பதிகின்றன. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற பொருளியலாளர்கள் 2001 முதல் 2003 வரை இந்தியக் கிராமங்களில் திரட்டிய தரவுகளைக் கொண்டு 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தமிழ்நாட்டுக் கிராமங்களும் அவற்றில் அடங்கும். கேபிள் தொலைக்காட்சி புதிதாக வந்த ஊர்களில், மனைவியை அடிப்பது சரியே என்று கருதும் பெண்களின் அளவும், ஆண் குழந்தையே வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தன என்பது அவர்கள் கண்ட முடிவு. இம்முடிவுகளின் வலிமையைக் கேள்விக்கு உட்படுத்திய மறுஆய்வுகளும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். முடிவு சரியென்றால், இதை நிகழ்த்தியவை பெரும்பாலும் பொழுதுபோக்குத் தொடர்களே. 'அடிக்காதே' என்று எவரும் உரையாற்றியிருக்க வேண்டியதில்லை. அடி விழாத வீடுகளும் தனியே வெளியே சென்றுவரும் பெண்களும் உலகில் உண்டு என்பது நாள்தோறும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இதன் மறுபக்கம் இருள் சூழ்ந்தது. ருவாண்டாவில் 1993இல் தொடங்கப்பட்ட ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி, துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று குறிப்பிட்டு வந்தது; பாட்டும் கேலியுமாகக் கேட்பவர்களுக்கு நெருக்கமான குரலில் பேசியது. 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் லட்சக்கணக்கான துட்சிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வானொலியை நடத்தியவர்களைப் பன்னாட்டுத் தீர்ப்பாயம் 2003இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அண்டை வீட்டாரைக் கொல்லக்கூடாதென்று அதுவரை கேட்பவர்களுக்குத் தெரியாதிருந்ததா? தெரிந்திருந்தது. 'எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்' என்ற எண்ணத்தை உண்டாக்குவதில் அந்த வானொலிக்குப் பங்கு இருந்தது.

அதே நாட்டில், அதே கருவியின் வழியாக, 2004இல் 'முசெகெவெயா' என்ற வானொலி நாடகம் தொடங்கியது. 'புதிய விடியல்' என்று அதன் பொருள். இரண்டு கற்பனை ஊர்களுக்கு இடையிலான பகையையும் உறவையும் சொல்லும் கதை அது. எலிசபெத் லெவி பலக் என்ற உளவியலாளர் ஓராண்டுக் காலம் அதன் விளைவை ஆராய்ந்தார். சில குழுக்கள் கூடியமர்ந்து இந்த நாடகத்தைக் கேட்டன. வேறு குழுக்கள் உடல்நலம் பற்றிய ஒரு நாடகத்தைக் கேட்டன. நாடகம் சொல்லவந்த கருத்துகளைப் பற்றிய தனிப்பட்ட நம்பிக்கைகள் கேட்டவர்களிடம் பெரிதாக மாறவில்லை. ஆனால் நம் மக்களிடையே எது தகும், எது தகாது என்பதைப் பற்றிய அவர்களது எண்ணம் மாறியது. ஆய்வின் முடிவில் ஒவ்வொரு சமூகத்துக்கும் ஓர் ஒலிநாடாப் பெட்டியும் நாடாக்களும் பரிசாகத் தரப்பட்டன. உடல்நல நாடகம் கேட்டவர்கள் அதை ஊர்த் தலைவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விரைவாகச் சொல்லிவிட்டார்கள். நல்லிணக்க நாடகம் கேட்டவர்களிடையே விவாதம் எழுந்தது. தலைவரிடம் ஏன் தர வேண்டும், நாமே சேர்ந்து பார்த்துக்கொண்டால் என்ன என்று எதிர்க்குரல்கள் வந்தன. அறக்கல்வி எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் இந்தப் பெட்டியைத்தான் நான் சுட்டிக்காட்டுவேன். நாடகத்தில் இந்தப் பெட்டி இல்லை. பெட்டியைப் பற்றி யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவுமில்லை. சேர்ந்து கேட்டார்கள், கேட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள், மாறுபட்டுப் பேசுவது தகும் என்று ஆனபின் அதைச் செய்தும் பார்த்தார்கள்.

இப்போது கையில் இருக்கும் கைபேசிக்கு வருவோம். தொலைக்காட்சியின் முன் நாம் பார்வையாளராக மட்டுமே இருந்தோம். இங்கே நாமும் நடிக்கிறோம், உடனுக்குடன் விருப்பக்குறிகளாகப் பரிசும் பெறுகிறோம். ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை ஒன்று, அறம் சார்ந்த உணர்ச்சிச் சொல் ஒவ்வொன்றும் பதிவு பரவும் அளவைச் சுமார் 20 விழுக்காடு கூட்டியதாகக் கணக்கிட்டது. அறச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊடகம் இது. ஆனால் அது நமக்கு நாள்தோறும் தரும் பயிற்சி எதில் என்று பாருங்கள்: பிறர் குற்றத்தைக் கண்டுபிடிப்பதில், கூட்டமாகச் சினப்பதில், அடுத்த குற்றவாளிக்கு நகர்வதில். பண்டூராவின் குழந்தைகளுக்குப் பரிசு காத்திருந்ததைப்போலவே நமக்கும் காத்திருக்கிறது. ஒழுகுவது ஒழுக்கம் என்றால், இதுவும் ஓர் ஒழுக்கமாகவே நமக்குள் படிந்துகொண்டிருக்கிறது.

நாடகம் பார்த்து வாய்மை கற்றவர் என்று மேடைகளில் எல்லோரும் காந்தியடிகளைச் சொல்வோம். நானும் சொல்கிறேன், ஆனால் கதையைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். சிறுவனாக அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்தவர், அதைத் தமக்குள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்ததாகவும், எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப்போல் இருக்கக்கூடாதென்று இரவும் பகலும் கேட்டுக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். அதன் பிறகும் அவர் ஒளிந்து புலால் உண்டார். தாயிடம் பொய் சொன்னார். பதினைந்து வயதில் அண்ணனின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். பார்த்த நாடகம் இவற்றில் எதையும் தடுக்கவில்லை. பாரம் தாங்காமல் குற்றத்தை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் கேட்டு, நோயுற்றுப் படுத்திருந்த தந்தையின் கையில் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்களை மூடியிருந்துவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டார், மீண்டும் படுத்துக்கொண்டார்.