தட்டில் எத்தனை கிராம் உப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

"உப்பைக் குறைச்சுக்கோங்க." ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதும் எந்த டாக்டரும் சொல்வது இதுதான். மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு இருக்கிறது, உப்புக்கு மட்டும் கணக்கில்லை. எவ்வளவு குறைப்பது, சமையலில் எந்த இடத்தில் குறைப்பது? அதைச் சொல்ல, கரண்டி பிடித்துப் பழகிய டாக்டர் வேண்டும். அமெரிக்காவில் திமோத்தி ஹார்லன் அப்படிப்பட்டவர். உணவகம் நடத்திவிட்டு மருத்துவம் படித்தார். பிறகு நியூ ஆர்லியன்ஸ் டூலேன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை அடுப்பின் முன் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். அந்தக் கண்ணோடு நம் ஆம்பூர் பிரியாணியைப் பார்ப்போம்.

ஒரு கிலோ சீரகச் சம்பா, ஒரு கிலோ கறி. எட்டுப் பேர் சாப்பிடலாம். அரிசியைத் தனியாக முக்கால் வேக்காட்டில் வடிப்பதுதான் ஆம்பூர் முறை. ஐந்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு போடுகிறோம். அரிசி உறிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர். அதாவது 12 கிராம் உப்பு சாதத்தில் தங்கும், மீதி வடிகஞ்சியோடு போய்விடும். மசாலாவில் இன்னொரு 20 கிராம். ஆளுக்கு 4 கிராம் ஆகிறது. தயிர்ப் பச்சடியும் கத்தரிக்காயும் சேர்ந்தால் ஐந்தைத் தொடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது.

குறைக்கும்போது பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. உலைத் தண்ணீரில் உப்பே போடாமல் விட்டுவிடுவார்கள். உள்ளே உப்பேறாத சோறு சப்பென்றுதான் இருக்கும், மசாலாவில் எவ்வளவு கொட்டினாலும் சரியாகாது. உலையில் லிட்டருக்கு 8 கிராம் வையுங்கள், மசாலாவில் 10 கிராமோடு நிறுத்துங்கள். ஆளுக்கு இரண்டரை கிராம்தான் வரும். குறைந்த உப்பைப் புளிப்பு ஈடுகட்டும்: தயிர் 150 மில்லி, இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். பச்சை வாசனை போகாமல் தங்கிவிட்டால் அதை மறைக்க மறுபடியும் கை உப்பு டப்பாவுக்குத்தான் போகும்.

அளவுக்கு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 5 முதல் 6 கிராம். கல் உப்பில் இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும். கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கு வருவோம். புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் இதற்கு அருமை. ஆனால் கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்கக் காற்று. பச்சையாக எண்ணெயில் போட்டால் ஊற்ற ஊற்றக் குடிக்கும். கீறி ஆறு நிமிடம் ஆவியில் வைத்து எடுங்கள். அந்தக் காற்றறைகள் அமுங்கிவிடும். அதன்பின் அரைக் கிலோ காய்க்கு மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயே தாராளம்.

கடைசியாக, மிஞ்சிய பிரியாணி. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. விடியற்காலையில் தம் இறக்கி, மூடிய அண்டாவிலேயே மதியம்வரை வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்து நஞ்சு சேர்க்கும். வாந்தி உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பந்தி நடக்கும்வரை அண்டா ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும். மிஞ்சியதை அகலத் தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மின்விசிறியடியில் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சாப்பிடுகிற அளவை மட்டும் எடுத்து, ஒரே தடவை, நடுவிலும் ஆவி வரும்வரை சூடாக்குங்கள்.

வணக்கம்.