அடக்கமான நிறங்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மகாமகக் குளத்துக்கு நான்கு தெரு தள்ளிப் போடப்பட்டிருக்கும் இந்த மேடைக்கு முன்னால் பனியையும் பொருட்படுத்தாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ஆண்களின் உடைக்கு அழகு தருவது அடக்கமான நிறங்களா, அழுத்தமான வண்ணங்களா என்ற வழக்கில், அடக்கமான நிறங்களே என்று வாதாட வந்திருக்கிறேன்.

வெள்ளை, சாம்பல், சந்தனம், பழுப்பு, காக்கி, கருநீலம் ஆகியவற்றை எதிரணித் தலைவர் 'நிறமே இல்லாத நிறங்கள்' என்றார். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் வேறுபாடு தெரியாதவர் இந்தக் கூட்டத்தில் ஒருவராவது உண்டா? இரண்டையும் வெள்ளை என்றுதான் சொல்கிறோம்; ஆனால் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் ஒன்று வெண்மை, மற்றொன்று இளமஞ்சள் படர்ந்த மங்கல். வெளுத்த வேட்டிக்கும், வெளுக்காத கோராத் துணிக்கும் இடையில் இருப்பது அதே வேறுபாடுதான். வைக்கோல், காய்ந்த பாக்கு, தண்ணீர் வடிந்த வண்டல் என்று நாள்தோறும் நாம் பார்த்துப் பழகியவை எல்லாம் இந்தக் குடும்பத்து நிறங்களே. காக்கி என்ற சொல்லே பாரசீக மொழியில் மண்ணையும் புழுதியையும் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 1840களில் பெஷாவர் பக்கத்தில் அமைந்த ஒரு படைப்பிரிவில் தொடங்கி உலகமெங்கும் பரவியது. வரப்பில் நடந்து பிழைப்பவனுக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எது?

'திருபுவனத்தில் பட்டு நெய்யும் மண்ணில் நின்றுகொண்டு வண்ணத்தைக் குறை சொல்லலாமா?' என்று கேட்டார்கள். குறை சொல்லவில்லை. அரக்குப் பட்டுடுத்திய மணமகளுக்கு அருகில் மணமகன் எதை உடுத்தி நிற்கிறான்? சந்தன நிறப் பட்டு வேட்டி. அவனும் அரக்கில் நின்றால் கண் எங்கே போய் நிற்கும்?

வண்ணம் வேண்டாம் என்பதன்று எங்கள் கட்சி. அது பேச ஓர் அமைதியான இடம் வேண்டும் என்பதே. வேட்டியின் மயில்கண் கரை இரண்டு விரல் அகலந்தான். எஞ்சிய முழங்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பதால்தான் தெருமுனையிலேயே அது தெரிகிறது. திருக்குவளையில் பிறந்த கலைஞர் கருணாநிதியை நினைத்துப் பாருங்கள்: வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேலே ஒரு மஞ்சள் துண்டு. காவிரி நீருக்காகப் போராடும் நம் உழவர்களின் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டும் அப்படித்தான். அரசியல் பேசவில்லை, நடுவர் அவர்களே, துணியைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

அடியேன் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாமா மகன் திருமணத்துக்கென்று ஒரு கிளிப்பச்சைச் சட்டை எடுத்தேன். அன்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆறு மாதம் கழித்து மன்னார்குடியில் ஒரு வளைகாப்புக்கு அதையே அணிந்து போனபோது, பந்தியில் இலை போடும்போதே அத்தை, 'இது அந்தக் கல்யாணத்துச் சட்டைதானே?' என்று கேட்டார். அதன் பிறகு அது பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. என் வெள்ளைச் சட்டையை எத்தனை விசேஷத்துக்கு அணிந்தேன் என்று இன்றுவரை யாரும் எண்ணியதில்லை. மூன்று கால்சட்டையும் நான்கு சட்டையும் அடக்கமான நிறங்களில் இருந்தால் பன்னிரண்டு இணைகள் கிடைக்கும்; பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாக இருந்தால் அவற்றில் எத்தனை இணையை அணிந்து வீதியில் நடக்க முடியும் என்பதை எதிரணியினரே கணக்கிடட்டும்.

வெள்ளையில் சாம்பார் சிந்தினால் தொலைந்தது என்றார்கள். மஞ்சள் கறை சோப்பு பட்டதும் சிவக்கும், பார்ப்பவருக்குப் பதைக்கும். ஆனால் நன்றாக அலசிக் கடும் வெயிலில் உலர்த்தினால் அந்தக் கறை வெளுத்துப்போகும். வெள்ளைக்கு வெயில் மருந்து. அழுத்தமான சாயச் சட்டைக்கோ அதே வெயில்தான் பகை; அதை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் உலர்த்த வேண்டியிருக்கிறது.

எதிரணியின் இளைய நண்பர் ஓர் உண்மையைச் சொன்னார். அதை மறுக்க மாட்டேன். சாம்பல் நிறச் சட்டை வியர்வையைக் காட்டிக்கொடுக்கும். நூலிழைகளுக்கு இடையே நீர் புகுந்தால் துணி ஒளியைச் சிதறடிப்பது குறைந்து, நனைந்த இடம் கருத்துத் தெரியும். நடுத்தரச் சாம்பலில் அது பளிச்சென்று தெரிவதால் கத்திரி வெயிலில் அந்தச் சட்டை எனக்கும் சங்கடமே. ஆனால் வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே சித்திரையில் நான் நிறத்தை மாற்றிக்கொள்வேன். அணியை மாற்ற மாட்டேன்.

கடைசியாக ஒன்று. மயில்கழுத்து நிறச் சட்டையில் பளபளவென்று வந்திருக்கும் எதிரணித் தலைவர் கீழே கட்டியிருப்பது வெள்ளை வேட்டி. பத்து நிமிட உரையில் அந்த வேட்டியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுமொழிக்கு எழும்போதாவது சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.