தொற்றுநோய் டாக்டருக்கு இம்யூனாலஜி எதுக்கு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இறுதியாண்டு மருத்துவ மாணவி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "தொற்றுநோய் நிபுணராகணும்னு ஆசை. கிருமியையும் மருந்தையும் படிச்சாப் போதாதா, இம்யூனாலஜி, அதாவது எதிர்ப்பு சக்தி பத்தின படிப்பு, எதுக்கு?" அருமையான கேள்விம்மா.

அந்தோணி ஃபௌச்சியை எடுத்துக்குவோம். கோவிட் சமயத்துல டிவியில பார்த்த அமெரிக்கத் தொற்றுநோய் டாக்டர்தான். 1968-ல அமெரிக்க அரசோட மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.ஹெச்.-ல சேர்ந்தார். அங்கே வாஸ்குலைட்டிஸ் நோயாளிகளைப் பார்த்தார். எதிர்ப்பு சக்தி நம்ம ரத்தக்குழாயையே தாக்குற நோய் அது. அதுல வெகனர்னு அப்ப சொன்ன வகை மூக்கு, நுரையீரல், சிறுநீரகம்னு பிடிக்கும். வைத்தியம் இல்லேன்னா சராசரியா 5 மாசம்தான் உயிரோட இருப்பாங்க. அங்கே இருந்த டாக்டர் ஷெல்டன் வுல்ஃப் குழுவோட சேர்ந்து இவர் வகுத்த முறை: எடையில கிலோவுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்குற சைக்ளோபாஸ்பமைடு 2 மி.கி., பிரெட்னிசோன்ங்கற ஸ்டீராய்டு 1 மி.கி., தினமும். 1983-ல வந்த கட்டுரையில 85 பேர்ல 93 சதவீதம் பேருக்கு நோய் முழுசா அடங்கியிருந்தது. இன்னிக்கு இதுக்கு ரிட்டுக்சிமாப்னு வேற மருந்தும் இருக்கு.

இதுல கஷ்டமே அளவுதான். வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 3000-க்குக் கீழே போகக் கூடாது. ஸ்டீராய்டு அந்த எண்ணிக்கையைத் தூக்கிக் காட்டும். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது, சைக்ளோபாஸ்பமைடு அளவை மாத்தாம இருந்தாலும் எண்ணிக்கை சரியும். அதனால சைக்ளோபாஸ்பமைடையும் கூடவே குறைக்கணும். அந்த மாத்திரையைக் காலையில நிறைய தண்ணியோட எடுக்கணும். ராத்திரி போட்டா அதோட கழிவு மூத்திரப்பையிலேயே தேங்கி ரத்தக்கசிவு வரலாம்.

எதிர்ப்பு சக்தியை அளவுக்கு மீறி அடக்கினா என்ன வரும்? நிமோசிஸ்டிஸ்ங்கற பூஞ்சையால வர்ற நிமோனியா. ஸ்டீராய்டு பேச்சு வர்றப்பெல்லாம் நான் சொல்றதுதான்: கிருமி பேரோட நிறுத்தாதீங்க, இது ஏன் இந்த ஆளுக்கு வந்ததுன்னு கேளுங்க.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் (சி.டி.சி.) 1981 ஜூன் 5-ல வெளியிட்ட அறிக்கையைப் பாருங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல அஞ்சு இளைஞர்கள், அஞ்சு பேருக்கும் நிமோசிஸ்டிஸ். எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்து எதுவும் எடுக்காதவங்க. அடுத்த மாசமே கபோசி சார்கோமாங்கற அபூர்வப் புற்றுநோயோட 26 பேர். மருந்தால எதிர்ப்பு சக்தி சரியறதை வருஷக்கணக்கா அளந்த ஃபௌச்சிக்கு, மருந்தே இல்லாம அது சரிஞ்சிருக்குங்கறது எவ்வளவு பெரிய செய்தி! ஆய்வை அப்படியே இந்தப் பக்கம் திருப்பினார். அதுதான் எய்ட்ஸ். ஹெச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு சி.டி.4 (அந்த வைரஸ் தாக்குற வெள்ளையணு வகை) 200-க்குக் கீழே போனா கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்கிறோமே, அதுவும் இதே நிமோசிஸ்டிஸைத் தடுக்கத்தான்.

எனக்கு இன்னும் பிடிச்ச கேள்வி ஒண்ணு இருக்கு: கிருமியை எங்கே தேடணும்? ஹெச்.ஐ.வி. தொத்தி பல வருஷம் நோயாளி நல்லா இருப்பார், ரத்தத்துல வைரஸும் கொஞ்சமாத்தான் தெரியும். வைரஸ் தூங்குதுன்னு நினைச்சாங்க. ஆய்வாளர் பன்டலேயோவும் ஃபௌச்சியும் அதே நோயாளிகளோட ரத்தத்தையும் நிணநீர் முடிச்சையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. 1993-ல வெளியிட்டாங்க: முடிச்சுக்குள்ள வைரஸ் மும்முரமா பெருகிட்டிருந்தது. அங்கே இருக்கிற டென்ட்ரிட்டிக் செல்னு சொல்ற கிளை கிளையான செல்களோட வலை வைரஸைப் பிடிச்சு வைக்குது, வந்து போற சி.டி.4 செல்லுக்கு அங்கேயே தொத்திக்குது. முடிச்சோட அமைப்பு சிதைஞ்ச பிறகுதான் ரத்தத்துல அளவு ஏறுது. 1997-ல இன்னொண்ணும் தெரிஞ்சது: கூட்டு மருந்து எடுத்து ரத்தத்துல வைரஸ் தெரியாதவங்களுக்கும், ஓய்வுல இருக்கிற சி.டி.4 செல்லுக்குள்ள அது ஒளிஞ்சிருக்கு. "ரிப்போர்ட்ல வைரஸ் இல்லைன்னு வந்திடுச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?"ன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில். நிறுத்தினா பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துலயே திரும்ப ஏறிடும்.