பேரிக்காய் ஏற்றிய நீலம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் கொடைக்கானல் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘கைக்கு உற்ற துணை மடக்குக்கத்தியா, கட்டரா?’ மடக்குக்கத்திதான் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் கேட்டார்: “நம்ம ஊர் மூடுபனியில் உருக்குக் கத்தி துருப்பிடித்துப் போகாதா? கட்டர் என்றால் மழுங்கிய நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்ததைத் தள்ளலாமே?”

சரி, துருவிலிருந்தே தொடங்குகிறேன். இதோ, என் அப்பாவின் கத்தி. கார்பன் உருக்கு அலகு, மாட்டுக்கொம்புப் பிடி, உள்ளே பித்தளைத் தகடு. பேரிக்காய் சீசன் முழுக்க அப்பா இதில்தான் பழம் நறுக்கித் தருவார். பழத்தின் புளிப்பு பட்டுப்பட்டு, வெள்ளையாக இருந்த அலகில் மயில் கழுத்து நிறம் ஏறியிருக்கிறது பாருங்கள். இது அழுக்கில்லை, நடுவர் அவர்களே. இந்தக் கருநீலப் படலம் படிந்த இடத்தில் செந்துரு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் பராமரிப்பு. சாணை பிடித்துப் பிடித்து அலகு பாதியாக மெலிந்துவிட்டது. அப்பா உழைத்த வருஷங்கள் எங்கே போயின என்று கேட்டால் இந்த மெலிவைத்தான் காட்டுவேன்.

ஈரம் மலைக்காரனுக்குப் புதிதா என்ன? பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஒப்பினெல் குடியானவர்களுக்கென்று மரப்பிடி போட்ட மடக்குக்கத்தி செய்தார். ஈரத்தில் மரம் ஊதி அலகைக் கவ்விக்கொள்ளும். அதற்காக யாரும் தூக்கி எறியவில்லை. பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். ‘சவோய்க்காரன் தட்டு’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. அந்தக் கத்தி இன்றும் விற்கிறது.

ஒடிக்கும் பிளேடு 1956-ல் ஜப்பானில் பிறந்த நல்ல யோசனை. அட்டைப்பெட்டி கிழிக்க வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒடித்த துண்டு எங்கே போகிறது? பூம்பாறையில் என் அத்தை பூண்டுக் காட்டில் களையெடுத்தபோது, மண்ணுக்குள் கிடந்த அப்படி ஒரு துண்டு ஆள்காட்டி விரலைப் பிளந்துவிட்டது. மூன்று தையல். யார் போட்டது, எப்போது போட்டது, யாருக்குத் தெரியும்? மடக்குக்கத்தியில் உதிர்வதற்கு எதுவும் இல்லை. வேலை முடிந்தால் அதன் வாய் அதன் வயிற்றுக்குள்ளேயே போய்விடும்.

அப்புறம் அந்தச் சத்தம். பிடியின் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. அலகின் அடிப்பகுதி சதுரமாக இருக்கும். பாதி திறந்ததும் ஒரு நிறுத்தம், முழுதும் திறந்ததும் ஸ்பிரிங் போய் அழுந்தும்போது ‘டக்’. கத்தியை நேசிக்கிறவர்கள் அலகைப் பார்க்கும் முன்னால் இதைத்தான் கேட்பார்கள். சின்ன வயதில் தூக்கத்தில் இந்த ‘டக்’ காதில் விழுந்தால், அப்பா தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நடுவர் அவர்களே, கத்தியை மடக்கியே தருகிறேன். மைக் பக்கத்தில் வைத்து நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.