உப்பு போட்டவன் பேரு அட்டைல இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம்.

மொதல்ல தலைவர் ஐயாவுக்கு வணக்கம், உடம்பு சரியில்லாத நிலையிலும் ரெண்டு மாடி ஏறி வந்து உக்காந்திருக்காங்க, அதுக்கே ஒரு கைதட்டு குடுங்க. முன்னிலை வகிக்கிற டிரம்ஸ் மாஸ்டர் அண்ணனுக்கு வணக்கம், இங்க பாதி பேருக்கு குச்சி புடிக்க சொல்லிக் குடுத்ததே அவர்தான். கூட்டத்துக்கு எடம் குடுத்த நூலகர் அம்மாவுக்கு நன்றி, மெட்டல் இசை பத்தி பேசணும்னதும் மொகம் சுளிக்காம "பேசுங்க, ஆனா எட்டு மணிக்குள்ள முடிங்க"ன்னு சொன்னாங்க, அந்த பெருந்தன்மைய மறக்க மாட்டேன். ரெக்கார்ட் ப்ளேயர தோள்ல தூக்கிட்டு வந்த தம்பிங்களுக்கும், இந்தா எனக்கு மைக் சரி பண்ணிக் குடுத்தானே அந்த சவுண்டு தம்பிக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தா கூட்டம் முடிஞ்சதும் வந்து சொல்லுங்க, சேத்துக்கறேன். யாரையும் விடக்கூடாதுங்கறதுதான் இன்னைக்கு பேச்சே.

பெரியவங்க சொல்லுவாங்க, உப்பிட்டவரை உள்ளளவும் நினை. என் கூட பழகினவங்களுக்கு தெரியும், இத நான் எங்க போனாலும் சொல்லுவேன், இன்னைக்கும் மூணு தடவையாவது சொல்லுவேன்.

எனக்கு குடுத்த தலைப்பு, ஆள் மாறின பிறகு ஒரு மெட்டல் பேண்ட் திரும்பி வர்ற ஆல்பம். மூணா பிரிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு குரல், ரெண்டு டிரம்ஸ், மூணு பேரு.

குரல்ல ஆரம்பிப்போம். 1979 ஏப்ரல்ல பிளாக் சபாத்ங்கற இங்கிலாந்து மெட்டல் பேண்ட், அவங்க பாடகர் ஓஸி ஆஸ்பர்ன வெளிய அனுப்பிட்டாங்க. 1970ல இருந்து 78 வரைக்கும் எட்டு ஸ்டுடியோ ஆல்பம் பாடின குரல் அது, பர்மிங்ஹாம் தொழிற்சாலைப் பக்கத்துல இருந்து கிளம்பின நாலு பசங்கள்ல ஒருத்தர். கதை முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நெனச்சிருப்பாங்க. அப்பதான் ரெயின்போ பேண்ட விட்டு வந்த ரானி ஜேம்ஸ் டியோ, சபாத்ல கிடார் வாசிக்கிற டோனி அயோமிய லாஸ் ஏஞ்சல்ஸ்ல சந்திக்கிறார். அயோமிகிட்ட முடியாத ஒரு பாட்டு கெடக்கு, டியோ வந்து கேக்கறார், அன்னைக்கே வார்த்தை வந்துடுது, அதுதான் சில்ட்ரன் ஆஃப் தி சீ. அடுத்த வருஷம், 1980 ஏப்ரல்ல, ஹெவன் அண்ட் ஹெல் ஆல்பம் வெளிய வருது. தயாரிச்சவர் மார்ட்டின் பர்ச். பிரிட்டன் பட்டியல்ல ஒம்பதாவது எடம்.

இதுல என்ன மாறுச்சுன்னு பாருங்க. ஓஸி பல பாட்டுல ரிஃப், அதாவது கிடார்ல திரும்பத் திரும்ப வர்ற அந்த சின்ன வரி, எந்தப் பக்கம் போகுதோ அதே பக்கம் கூடவே போவார், ஐயர்ன் மேன் பாட்டு கேளுங்க, கிடார் என்ன வாசிக்குதோ அதையே வாயும் பாடும். அதுல ஒரு பயங்கரம் இருக்கு, அது அவருக்கு மட்டுமே வரும், அவரை நான் கொறைச்சு சொல்லல. ஆனா டியோ ரிஃபுக்கு குறுக்க பாடுவார். ரிஃப் கீழ ஒரு பாதைல போகும், மெட்டு மேல வேற பாதைல போகும். அதனால அயோமியும் வேற மாதிரி எழுத ஆரம்பிக்கிறார், பாடகருக்கு எடம் விட்டு கிடார் கார்டுகள, அதாவது ஒண்ணா ஒலிக்கிற ஸ்வரங்கள, விரிச்சுப் போடறார். ஆளு மாறினா பாட்டு மட்டும் மாறாது, பழைய ஆளுங்க வாசிக்கிற விதமே மாறும். ஒரு லைன்-அப் மாற்றம், அதாவது பேண்ட்ல ஆள் மாறறது, ஜெயிச்சுதா இல்லையான்னு பாக்கறதுக்கு என் அளவுகோல் இதுதான், புது ஆளு பழைய ஆளு மாதிரி பாடறானான்னு பாக்காதீங்க, மத்தவங்க கை மாறியிருக்கான்னு பாருங்க.

சரி, ரெண்டாவது டிரம்ஸ். சபாத் டிரம்மர் பில் வார்டு இந்த ஆல்பத்துல வாசிச்சுட்டு அதே 1980 ஆகஸ்ட்ல டூர் நடுவுலயே போயிட்டார், வினி அப்பீஸ் வந்தார். இத மாஸ்டர் அண்ணன் முன்னாடி நான் பேசறது மரியாதையா இருக்காது, அவரே பின்னாடி பேசுவார்.

நான் மூணாவதுக்கு வந்துடறேன், ஏன்னா எனக்கு மனசு பூரா அங்கதான் இருக்கு.

ஹெவன் அண்ட் ஹெல் ஆல்பத்துல எத்தன பேரு வாசிச்சாங்கன்னு கேட்டா டக்குனு நாலுன்னு சொல்லுவோம். டியோ, அயோமி, பேஸ்ங்கற அடிநாத கிடார் வாசிக்கிற கீஸர் பட்லர், வார்டு. அஞ்சாவதா ஒருத்தர் இருக்கார். ஜெஃப் நிக்கல்ஸ். குவார்ட்ஸ்னு ஒரு பர்மிங்ஹாம் பேண்ட்ல இருந்தவர். கீஸர் பட்லர் சொந்தப் பிரச்சனையால கொஞ்ச நாள் விலகி இருந்தப்ப, பேஸ் வாசிக்க வந்தவர். கீஸர் திரும்பி வந்ததும் கீபோர்டுக்கு மாறினார். அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல சபாத் கூட இருந்தார், எத்தன பாடகர் வந்தாங்க, எத்தன டிரம்மர் போனாங்க, அயோமிக்குப் பக்கத்துல அவர் இருந்தார். ஆனா ரொம்ப காலம் மேடைல அவரை நீங்க பாக்க முடியாது, திரைக்குப் பின்னாடியோ ஓரத்துலயோ நின்னுதான் வாசிச்சார். பாட்டு எழுதினவங்க பட்டியல்ல அந்த நாலு பேருதான், நிக்கல்ஸ் இல்ல. 2017ல இறந்து போனார். உப்பு கண்ணுக்கு தெரியாது, இல்லன்னாதான் தெரியும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை.

இது சபாத்துக்கு மட்டும் நடந்ததில்ல. அங்க இருந்து வெளிய போன ஓஸியும் அதே 1980ல புது ஆளுங்கள வச்சு திரும்பி வந்தார், ப்ளிசர்ட் ஆஃப் ஓஸ். அடுத்த வருஷம் டைரி ஆஃப் எ மேட்மேன். ரெண்டுலயும் பேஸ் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். ஆனா டைரி ஆல்பம் வெளிய வரும்போது அவங்க ரெண்டு பேரும் பேண்ட்ல இல்ல. அட்டைல யாரு போட்டோ, யாரு பேரு? புதுசா சேந்த ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிட்ஜ். வாசிச்சது ஒருத்தர், பேரு இன்னொருத்தர். அதுக்கும் மேல, ராயல்டி வழக்கு நடந்துட்டிருந்த காலத்துல, 2002ல மறுபடி வெளியிட்டப்ப அந்த ரெண்டு ஆல்பத்துலயும் அவங்க வாசிச்ச பேஸையும் டிரம்ஸையும் எடுத்துட்டு வேற ஆளுங்கள வச்சு வாசிச்சு சேத்துட்டாங்க. ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. 2011லதான் பழைய வாசிப்பு திரும்பி வந்துச்சு.

மெட்டாலிகா கதை உங்களுக்கே தெரியும். 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் கவுந்து அவங்க பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் போயிட்டார். ஜேசன் நியூஸ்டட் வந்தார். 1988ல அவர் வாசிச்ச முதல் முழு ஆல்பம், ஆண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல். பேஸ் எங்கன்னு தேடணும். அங்க அட்டைல பேரு இருக்கு, சத்தம் இல்ல.

இப்ப நான் இத ஏன் இவ்வளவு சூடா பேசறேன்னு சொல்றேன், தலைவர் ஐயா ஒரு அஞ்சு நிமிஷம் கூட குடுக்கணும்.

காலேஜ்ல எங்களுக்கு ஒரு பேண்ட் இருந்துச்சு. அஞ்சு பேரு. பேஸ் வாசிச்ச நண்பன் பேர நான் இங்க சொல்லல, அவன் விரும்ப மாட்டான். அவங்க வீட்டு மாடிலதான் ப்ராக்டீஸ், பேஸுக்குன்னு ஆம்ப் கிடையாது, கிடார் ஆம்ப்லயே சொருகி வாசிப்பான், டிரம்ஸ் சத்தம் தெருவுக்கு கேக்கக்கூடாதுன்னு ரெண்டு போர்வை, ஒரு பழைய மெத்தை. அவங்க அம்மா மேல வந்து பாத்துட்டு காத பொத்திக்கிட்டே அஞ்சு பேருக்கும் சாப்பாடு வச்சுட்டுப் போவாங்க, ஒரு வருஷம் முழுக்க. நாலு ட்ராக் மெஷின் ஒண்ண கடன் வாங்கி ஆறு பாட்டு ரெக்கார்ட் பண்ண ஆரம்பிச்சோம். அஞ்சு பாட்டு அவன் வாசிச்சான். ஆறாவது பாட்டுக்கு முன்னாடி அவங்க அப்பாவுக்கு முடியாம போச்சு, வேலைக்குப் போகணும், கிடார எங்ககிட்டயே குடுத்துட்டு போயிட்டான், "நிறுத்திடாதீங்கடா"ன்னு ஒரு வார்த்தை சொன்னான். இன்னொரு தம்பி வந்தான், அந்த ஆறாவது பாட்டு வாசிச்சான். நல்லா வாசிச்சான். அவன வச்சு போட்டோ எடுத்தோம். கேசட் அட்டைய எழுதினது நான். பேஸ்னு போட்டு அந்த தம்பி பேரு மட்டும் எழுதினேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்ல, இப்ப பேண்ட்ல இருக்கறவன் பேருதானே போடணும்னு நெனச்சேன். அவ்வளவுதான் யோசிச்சேன்.

பதினெட்டு வருஷம் கழிச்சு அவன் என் வீட்டுக்கு வந்தான், மக கூட. பாப்பாவுக்கு பத்து வயசு இருக்கும், பாட்டு கத்துக்குது. "அங்கிள், அப்பா பேண்ட்ல இருந்தாராமே, காட்டுங்க"ன்னு கேட்டுச்சு. நானும் சந்தோஷமா பீரோல இருந்து கேசட்ட எடுத்துக் குடுத்தேன். அது வெரல வச்சு ஒவ்வொரு பேரா படிக்குது. கடைசி வரைக்கும் படிச்சுட்டு, மறுபடி மேல இருந்து படிச்சுது. அப்புறம் அவங்க அப்பாவ நிமிந்து பாத்துச்சு. அவன் சிரிச்சுக்கிட்டே "அப்பா கொஞ்ச நாள்தாண்டா இருந்தேன்"னான். கொஞ்ச நாள் இல்ல. ஆறுல அஞ்சு பாட்டு. அந்த வீட்டு சாப்பாட்ட ஒரு வருஷம் சாப்பிட்டவன் நான், அந்த அட்டைய எழுதினவனும் நான். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறது அன்னைக்கு ஆரம்பிச்சது.

அதனால பேண்ட் வச்சிருக்கற தம்பி தங்கச்சிங்க எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு கேக்கறேன். ரெக்கார்டிங் அன்னைக்கே ஒரு தாள எடுங்க. தேதி, பாட்டு, யாரு எந்த இன்ஸ்ட்ருமெண்ட், யாரு எழுதினது, எல்லாரும் கையெழுத்து. ரிலீஸுக்கு முன்னாடி யாரு போனாலும் அந்த தாள் மாறக்கூடாது. ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஐஎஸ்ஆர்சின்னு பன்னெண்டு எழுத்து நம்பர் குடுக்கறாங்க இல்லையா, அது பதிவத்தான் சொல்லும், வாசிச்ச ஆள சொல்லாது, ஆள நீங்கதான் பதியணும். பிரிட்டன்ல பிபிஎல்னு அமைப்பு இருக்கு, ரேடியோல பாட்டு ஓடினா வாசிச்சவங்களுக்கு காசு பிரிச்சுத் தரும், கூலிக்கு வந்து ஒரு பாட்டு வாசிச்சவனுக்கும் உண்டு, ஆனா அந்த லைன்-அப் பட்டியல்ல பேரு இருக்கணும். பேருங்கறது வெறும் கௌரவம் மட்டும் இல்ல, சோறும்தான்.

கேக்கறவங்களுக்கும் வேலை இருக்கு. ஸ்ட்ரீமிங் ஆப்ல பாட்டு ஓடும்போது கிரெடிட்ஸ்னு ஒண்ணு இருக்கும், தொட்டுப் பாருங்க, காலியா இருந்தா அந்த பேண்டுக்கு எழுதிக் கேளுங்க. மெட்டல் ரசிகர்கள் 2002ல இருந்து மெட்டாலம்ங்கற இணையதளக் கலைக்களஞ்சியத்துல எந்த ஆல்பத்துல யாரு வாசிச்சான்னு கையால சேத்துட்டு வர்றாங்க, காசுக்காக இல்ல. அயர்ன் மெய்டன் 2000ல ப்ரேவ் நியூ வேர்ல்டோட திரும்பி வந்தப்ப பழைய கிடார்காரர் ஏட்ரியன் ஸ்மித் வந்துட்டார்ங்கறதுக்காக, அவர் எடத்துல வந்திருந்த ஜேனிக் கெர்ஸ அனுப்பல, மூணு கிடாரா நின்னாங்க. அத பத்தி நெறைய பேசலாம், நூலகர் அம்மா மணிய பாக்கறாங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன். லீ கெர்ஸ்லேக்குக்கு புற்றுநோய் முத்தின சமயம், அவர் ஓஸிகிட்ட கேட்டது, அந்த ரெண்டு ஆல்பத்தோட பிளாட்டினம் ரெக்கார்ட் என் வீட்டு சுவத்துல மாட்டணும்ங்கறது. அனுப்பி வச்சாங்க. 2020ல அவர் போயிட்டார், கையில அத வாங்கிட்டுத்தான் போனார். போன வருஷங்கள்ல நடந்தத எல்லாம் அது சரி பண்ணிடுச்சான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன், ஆனா அனுப்பினது நல்ல காரியம், ஓஸியும் 2025 ஜூலைல போயிட்டார், போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி வில்லா பார்க் மைதானத்துல அயோமி, கீஸர், பில் வார்டுன்னு பழைய நாலு பேரும் ஒரே மேடைல சேந்தாங்க.

வாசல்ல மேஜைல வெத்து தாள் வச்சிருக்கேன், பேண்ட்ல இருக்கறவங்க ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. இப்ப தம்பி ஹெவன் அண்ட் ஹெல்ல இருந்து டை யங் பாட்டோட தொடக்கத்த மட்டும் போடுவான். டியோ வாய் தெறக்கறதுக்கு முன்னாடி, கிடாருக்குப் பின்னால மெதுவா ஒரு கீபோர்டு விரியும். அத கேளுங்க, அது ஜெஃப் நிக்கல்ஸ். போடு தம்பி.