இறைக்கிற கிணறு

(அல்சூரில் எங்கள் தமிழ் மன்றத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மன்றத் தலைவர் ஐயா அவர்களே, முழங்கால் வலியோடு சிவாஜிநகரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கும் எங்கள் தமிழாசிரியை அம்மா அவர்களே, இந்த வட்டாரத்தில் எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கும் முன்னாள் கார்ப்பரேட்டர் அண்ணன் அவர்களே, கன்னடச் சங்கத்திலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, தமகே நமஸ்கார. பொருளாளர் அவர்களே, மைக் செட் தம்பி, எல்லோருக்கும் தேநீர் கொடுத்த சகோதரிகளே, வணக்கம்.

செயலாளர் தம்முடைய வரவேற்புரையில் என்னைக் கணினி அறிஞர் என்றார். அவர் அன்புக்கு நன்றி. நான் 35 வருஷம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவன். கம்ப்யூட்டரைத் தொட்டதே 40 வயதுக்கு மேல்தான். அறிஞர்கள் அதோ பின்னால், நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிறார்களே, அந்தப் பிள்ளைகள். நம் ஊர் லினக்ஸ் குழுவின் தன்னார்வலர்கள். லினக்ஸ் என்பது விண்டோஸைப் போலக் கம்ப்யூட்டரை இயக்குகிற மென்பொருள், யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம். வாரம் 5 நாள் கம்பெனிக்கு உழைத்துவிட்டு, கிடைக்கிற சனி ஞாயிறை ஊருக்குக் கொடுப்பவர்கள். தயவுசெய்து ஒரு முறை திரும்பி அவர்கள் முகத்தைப் பாருங்கள். கைதட்டல் அவர்களுக்கு.

தலைவர் ஐயா எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அவருக்கு ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் யாருக்கும் பொன்னாடை வேண்டாம். அந்தக் காசுக்கு எஸ்.பி. ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் ராம் என்கிற பழைய நினைவகச் சில்லு ஒன்று வாங்கி மன்றத்துக்குக் கொடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இன்றைக்கு 3 விஷயம் பேச வந்திருக்கிறேன். லினக்ஸ் பிறந்த கதை ஒன்று. அதன் உரிமம் என்ன சொல்கிறது என்பது இரண்டு. இந்தப் பெங்களூரில் தொண்டர்கள் என்ன செய்தார்கள் என்பது மூன்று.

1991ஆம் வருஷத்தை நினைத்துப் பாருங்கள். நம் அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையை நிறுத்திவிட்டு, திறக்க முடியாமல் மூடி வைத்தோமே, அதே வருஷம். அந்த ஆகஸ்ட் 25ஆம் தேதி, பின்லாந்து தேசத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயதுப் பையன் லினஸ் டோர்வால்ட்ஸ், ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டர்காரர்கள் நாலு பேருக்குச் சேதி போட்டான். பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டான். அதுதான் லினக்ஸ். செப்டம்பரில் அதன் மூலநிரலை, அதாவது தான் எழுதிய வரிகளை, எல்லோரும் பார்க்கும்படி வெளியில் வைத்தான். வைத்ததும் திருத்தம் வர ஆரம்பித்தது. ஒருவர் பிழையைக் காட்டினார், இன்னொருவர் சரிசெய்து அனுப்பினார். அதே வருஷம் அக்டோபரில் வெளிவந்த, உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கும் யூனிகோடின் முதல் பதிப்பில் நம் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஒன்றைத் திறந்து வைத்தார்கள், உலகமே வந்து சேர்ந்தது. ஒன்றை நாம் மூடி வைத்தோம், 18 வருஷம் ஆனது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி வள்ளுவர் முகத்திரை விலகியபோது நான் இந்தக் கரையில்தான் நின்றேன். 4 நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். முன்வரிசைப் பெரியவர் தலையசைக்கிறார். நன்றி ஐயா. திறந்தால் இரண்டு பக்கமும் திறக்கும்.

என் அம்மா தர்மபுரிப் பக்கத்துக்காரர். அவர் வாயில் ஒரு பழமொழி எப்போதும் இருக்கும். இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும். பக்கத்து வீட்டுக்கு மோர் கொடுக்கும்போதும் சொல்வார், எனக்குத் தெரிந்ததைத் தம்பிக்குச் சொல்லித்தர மறுத்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டும் சொல்வார். லினக்ஸ் என்ன என்று என்னை யார் கேட்டாலும் நான் அம்மாவின் கிணற்றைத்தான் சொல்வேன்.

அம்மா பேச்சு வந்ததால் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். தலைவர் ஐயா மன்னிக்க வேண்டும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2007ஆம் வருஷம். அப்போது உபுண்டு என்ற லினக்ஸ் வகையைச் செய்தவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் அதன் சிடியைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. மர்ஃபி டவுனில் என் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் பிடித்து, ஒவ்வொரு தடவை திறக்கவும் கால் மணி நேரம் ஆகும். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்த நேரம் நான் சிடியைப் போட்டேன். முழு டிஸ்கையும் பயன்படுத்தவா என்று கேட்டது. பயன்படுத்து என்றேன். அரை மணி நேரத்தில் பளிச்சென்று புதுத் திரை வந்தது. தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, போட்டோ எல்லாம் எங்கே இருக்கு இதுல?" என்றாள்.

எங்கேயும் இல்லை.

அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் போயிருந்தார். கடைசி 3 வருஷம் தங்கை வீட்டில்தான் இருந்தார். டிஜிட்டல் கேமராவில் எடுத்த அத்தனை படமும் அந்த ஒரே டிஸ்கில். பேத்தியின் காதுகுத்து, அல்சூர் சோமேஸ்வரர் கோவில் பூப்பல்லக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் மாடியில் வடகம் பிழிந்தது. தங்கை சத்தம் போடவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

நான் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடினேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு கடைக்காரர் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து, லினக்ஸ் குரூப் பையன், கேட்டுப் பாருங்கள் என்றார். போன் செய்தேன். எடுத்த எடுப்பில் அந்தப் பிள்ளை கேட்டது, "சார், மெஷின் இப்ப ஓடிட்டிருக்கா?" ஓடுகிறது என்றேன். "உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இனிமே அது மேல எதையும் எழுதக் கூடாது. நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க."

ஒயிட்ஃபீல்டில் வேலை, இரண்டு பஸ் மாறி ராத்திரி 9 மணிக்கு வந்து சேர்ந்தார். தோள்பையில் காலி ஹார்டு டிஸ்க் ஒன்று, சிடி நாலைந்து. சாப்பிடுங்கள் தம்பி என்றாள் தங்கை, முதலில் மெஷின் என்றார். சிடியிலிருந்தே பூட் செய்து, எங்கள் டிஸ்கை அப்படியே பிட் பிட்டாகத் தன் டிஸ்குக்கு நகல் எடுத்தார். மூலத்தை இனித் தொட மாட்டேன், நகலில்தான் தேடுவேன் என்றார். நகல் முடியவே விடிந்துவிட்டது. அடுத்த ராத்திரி திரும்ப வந்து ஃபோட்டோரெக் என்ற புரோகிராமை ஓட்டினார். கிறிஸ்தோஃப் கிரெனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி, உலகத்துக்கே பொதுவாக விட்ட கட்டற்ற மென்பொருள் அது. அழிந்ததை எப்படித் தம்பி கண்டுபிடிக்கும் என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "வீட்டு வாசல்ல இருந்த பெயர்ப்பலகைதான் சார் போச்சு, வீடு அங்கேயேதான் இருக்கு. ஜேபெக் படம் ஒவ்வொண்ணும் எஃப்எஃப் டி8ன்னு ரெண்டு பைட்ல ஆரம்பிக்கும். அதுதான் வாசற்படி. இந்த புரோகிராம் பெயர்ப்பலகையைத் தேடாது, டிஸ்க் முழுக்க வாசற்படியா பார்த்துக்கிட்டே போகும்."

மூன்றாம் நாள் ராத்திரி 2,300க்கு மேல் படம் வந்துவிட்டது. ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. எல்லாம் எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீள நம்பரும். எது காதுகுத்து, எது பூப்பல்லக்கு என்று தெரியாது. தங்கை, அவள் மாமியார், எதிர்வீட்டு அக்கா, மாவு மெஷின்காரர் வீட்டம்மா, எல்லோரும் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். இது நம்ம மணி கல்யாணம், இல்லை சீமந்தம், புடவையைப் பாரு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளை போல்டர் போட்டு அடுக்கிக்கொண்டே வந்தார். தெருவே கூடி ஒரு வீட்டு ஞாபகத்தைக் கோத்தது. வடகம் பிழிந்த படமும் வந்தது. மேல் பாதிதான். கீழே சாம்பல் நிறம், அந்த இடத்தில் புது சிஸ்டம் உட்கார்ந்துவிட்டது. மேல் பாதியில் அம்மா நெற்றிப் பொட்டும் காதுத் தோடும், வெயிலுக்குச் சுருக்கிய கண்ணும். தங்கை கையெடுத்துத் திரையைத் தொட்டாள்.

கவரில் பணம் வைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "அடுத்த மாசம் இதே மாதிரி ஒருத்தர் போன் பண்ணுவார் சார். அன்னைக்கு நீங்க என்கூட வந்து உட்காருங்க, போதும்" என்றார். போய் உட்கார்ந்தேன். இன்றுவரை உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். இறைக்கிற கிணறு ஊறும். அன்று அந்தப் பிள்ளை இறைத்ததுதான் இன்று என்னிடம் இருக்கிற தண்ணீர்.

உரிமத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் போய்விட்டது. சுருக்கமாக ஒன்று. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். ஓட்டலாம், படித்துத் திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம் என்ற உரிமைகளை அவருடைய பொது உரிமம் எழுத்தில் வைத்தது. லினஸ் 1992இல் லினக்ஸை அந்த உரிமத்துக்குக் கொண்டுவந்தார். மீதியை இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன்.

பெங்களூர்த் தொண்டர்களுக்கு வருகிறேன். 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கிய மாநாடு, 2005இல் ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறி, 2012 வரை நடந்தது. பந்தல் முதல் பந்தி வரை தன்னார்வலர்கள் கை. அதை முன்னின்று நடத்திய அதுல் சிட்னிஸ் 2013இல் காலமானார். அவருக்கு இந்த மேடையிலிருந்து என் வணக்கம். இதே ஊரில் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்ற பெயரில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளை வைத்தே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் நம் தொண்டர்கள். கேரளத்தில் அரசுப் பள்ளிகளே லினக்ஸில் நடக்கின்றன. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னை மையத்தில் 2007இல் பாஸ் என்ற லினக்ஸ் வகையைச் செய்தார்கள். சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நான் இன்று வந்த காரியம் வேறு.

இந்தக் கட்டடத்தில், படிப்பகத்துக்கு மேலே, மாடியில் ஒரு அறை இருக்கிறது. பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்த 6 கம்ப்யூட்டர், பாலிதீன் உறையோடு தூசி படிந்து கிடக்கிறது. இறைக்காத கிணறு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்ச காலம் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புதிய பிராசஸர் வேண்டும். அந்த 6 மெஷினுக்கும் அந்தத் தகுதி இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். போட வேண்டாம் ஐயா. ராம் கொஞ்சம் ஏற்றி லினக்ஸ் போட்டால் இன்னும் 5, 6 வருஷம் ஓடும். பொன்னாடைக்குப் பதில் ராம் என்று கேட்டது இதற்குத்தான்.

அதில் தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் எழுத வேண்டும். போன மாதம் என் மடிக்கணினியில், லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டு, மாலை டியூஷனுக்கு வரும் ஒரு நாலாம் வகுப்புக் குழந்தையிடம் கொடுத்தேன். கன்னட மீடியம், தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. அ தட்டினாள். ம தட்டினாள். இன்னொரு ம தட்டினாள், முதல் ம தலையில் தானாகப் புள்ளி விழுந்தது. ஆ தட்டினாள். அம்மா என்று நின்றது. நான்கே தட்டு. "தாத்தா, புள்ளி நான் வைக்கலியே, யார் வச்சா?" என்று கேட்டாள். 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், 31 விசையில் 247 எழுத்தும் அடங்கிவிடும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. அதை லினக்ஸில் கொண்டுவந்து சேர்த்தவர்களும், மெனுவில் ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கியவர்களும் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் செய்தவர்கள். தமிழ் மீடியம் பள்ளிகள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. அதை நிறுத்த என்னால் ஆகாது. அந்த மாடி அறையைத் திறக்க இந்த மேடையில் இருப்பவர்களால் ஆகும்.

ஆகவே தலைவர் ஐயாவிடமும் செயலாளரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். ஞாயிறுதோறும் காலை 10 முதல் 1 மணி வரை அந்த அறையின் சாவி. நாலு மேசை, இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஜன்னலுக்குக் கொசுவலை. கரண்ட் பில்லில் எங்கள் பங்கை நாங்கள் கட்டுகிறோம். கார்ப்பரேட்டர் அண்ணன் மாடிப்படிக்கு ஒரு விளக்கு போட்டுத் தருவதாகக் கீழே சொன்னார், மேடையிலும் சொன்னால் மகிழ்வேன். தமிழ்ப் பிள்ளைகளோடு கன்னடப் பிள்ளைகளும் வரட்டும், கன்னட விசைப்பலகையும் அதே மெஷினில் இருக்கிறது. பெரியவர் ஐயா தம் சங்கத்தில் சொல்ல வேண்டும்.

வீட்டில் பரண்மேல் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் வெளி வாசலில் நோட்டு இருக்கிறது, பெயரும் போன் நம்பரும் எழுதுங்கள். சுவரோரம் நிற்கும் பிள்ளைகளில் யாராவது உங்களைக் கூப்பிடுவார்கள். கொண்டுவருவதற்கு முன்னால் படங்களையும் கணக்கு வழக்கையும் பென் டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் அப்படியே கொண்டுவாருங்கள், முதலில் அதைத்தான் செய்வோம். லேப்டாப்காரர்கள் சார்ஜரை மறக்காதீர்கள். நன்றி, வணக்கம்.